மாதிரி டாங்கியில் அழுக்கு எங்கே படிய வேண்டும்?

ஒரு டாங்கி கிட்டை, அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டியை, குறிப்புத்தாளில் சொன்னபடி ஒட்டி, பெட்டியில் போட்டிருக்கும் பச்சையை ஒரே சீராக அடித்து முடித்து மேசையில் வைத்துப் பாருங்கள். வேலை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது பொம்மைதான். அளவு சரி, வடிவம் சரி, நிறமும் சரி. கனமான ஓர் எந்திரம் காடு மேடெல்லாம் ஓடித் திரிந்த சுவடு மட்டும் அதில் இல்லை. அந்தச் சுவடுகளை வண்ணத்தாலும் தூளாலும் ஏற்றும் வேலையைத்தான் மாதிரி செய்பவர்கள் ‘வெதரிங்’ என்கிறார்கள். வெயிலில் வெளுத்த நிறம், மழைநீர் ஒழுகிய தடம், பூட்ஸ் உரசிப் பெயர்ந்த பெயின்ட், டீசல் கறை, புகைக்கரி, சேறு, தூசி எல்லாம் இதில் அடக்கம்.

புதிதாக வருபவர்கள் பலர் இதை அழுக்காக்கும் வேலை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்பு நீர்க்கலவையை உடம்பெங்கும் பூசி, எல்லா விளிம்பிலும் வெள்ளி நிறத்தைத் தேய்த்து, சக்கரங்களில் பழுப்பாக எதையாவது அப்பிவிடுகிறார்கள். முன்பு சுத்தமான பொம்மையாக இருந்தது இப்போது அழுக்கான பொம்மையாகிறது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், தூரிகையைத் தொடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த இடத்தில் இந்தக் கறை ஏன் வந்தது? பதில் இருந்தால் கறையை வையுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

விளக்குவதற்கு ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: சோவியத் படையின் டி-34/85. 1944-ல் களமிறங்கிய இது 32 டன் எடை, 500 குதிரைத்திறன் டீசல் எந்திரம், 85 மில்லிமீட்டர் பீரங்கி, ஐந்து பேர் கொண்ட குழு என்ற கணக்கில் கட்டப்பட்டது. முதல் கிட்டாக எடுக்க இதைவிட நல்ல வண்டி அரிது. தட்டையான சாய்தளங்கள், பக்கத்துக்கு ஐந்தே பெரிய சக்கரங்கள், ஒரே பச்சை நிறம். பல நிறுவனங்கள் இதன் கிட்டை வெளியிடுவதால் தேடினால் கிடைத்துவிடும்.

35-ஆல் பெருக்கிப் பாருங்கள்

டாங்கி மாதிரிகளில் அதிகம் புழங்கும் அளவு 1/35. இந்த விநோதமான எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம் மோட்டார் வைத்து ஓடும் மாதிரியாக ஜெர்மனியின் பேந்தர் டாங்கியை வடிவமைத்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்க எவ்வளவு இடம் வேண்டுமோ அதை வைத்தே மாதிரியின் அளவு முடிவானது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது ஏறத்தாழ 35-ல் ஒரு பங்காக இருந்தது. அந்த வரிசை நன்றாக விற்றதால் மற்ற நிறுவனங்களும் அதே அளவுக்கு வந்து சேர்ந்தன. 1/48, 1/72 அளவுகளும் உண்டு. ஆனால் வெதரிங் கற்க 1/35 தான் வசதி; கறைக்குப் போதுமான இடம் இருக்கிறது.

டி-34/85 பீரங்கியோடு சேர்த்து 8.1 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். மாதிரியில் அது சுமார் 23 சென்டிமீட்டருக்கு 8.6 சென்டிமீட்டர். உடலின் 45 மில்லிமீட்டர் கவசத் தகடு 1.3 மில்லிமீட்டராகிறது. 1.70 மீட்டர் உயர வீரர் 5 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவார்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் வெதரிங்குக்குப் பயன். மாதிரியில் நீங்கள் வைக்கும் 1 மில்லிமீட்டர் கீறல், உண்மை வண்டியில் 3.5 சென்டிமீட்டர் அகலப் பள்ளம். சேற்றுக்காகக் கலக்கும் மணலில் அரை மில்லிமீட்டர் துணுக்கு ஒன்று கிடந்தால், அது உண்மையில் 1.75 சென்டிமீட்டர் கூழாங்கல். அதனால்தான் ஆற்று மணலும் கடற்கரை மணலும் இந்த வேலைக்கு ஆகாது. மாவாகச் சலித்த தூள்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் 35-ஆல் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், மிகையாகப் போடும் பாதிக் கறைகள் தானாகவே நின்றுவிடும்.

ஒட்டும்போதே யோசிக்க வேண்டியவை

கிட்டின் பாகங்கள் ‘ஸ்ப்ரூ’ எனப்படும் பிளாஸ்டிக் சட்டத்தில் கோர்த்து வரும். கையால் முறித்து எடுக்கக் கூடாது. நிப்பரால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சக் காம்பைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பசை தொடுவதற்கு முன் பாகங்களைச் சும்மா பொருத்திப் பார்ப்பது நல்லது. பாலிஸ்டைரீன் கிட்டுகளுக்கான மெல்லிய சிமென்ட் உண்மையில் ஒட்டுவதில்லை. இரண்டு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பின் ஓரத்தில் தூரிகையால் தொட்டாலே போதும், திரவம் இடுக்கில் தானே ஓடிவிடும். உலோகத் தகடு பாகங்களுக்கு மட்டும் ஃபெவிக்விக் வகைப் பசை தேவைப்படும்.

பீரங்கிக் குழல் இரண்டு பாதியாக வந்தால், நீளவாக்கில் ஒரு கோடு தெரியும். ஒரு நாள் காயவிட்டு அதைத் தேய்த்து மறையுங்கள், பள்ளம் இருந்தால் பட்டி வைத்து மறுபடி தேயுங்கள். பிளாஸ்டிக் அச்சு விட்டுப்போன கோடு அது. எஃகுக் குழலில் இருந்திராது. ஆனால் டி-34/85-ன் டரட், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் தலைப்பகுதி, விஷயம் வேறு. உண்மை டரட்டே அச்சில் வார்க்கப்பட்டதுதான். அச்சின் இரண்டு பகுதிகள் சந்தித்த கோடு பக்கவாட்டில் பட்டும் படாமலும் தெரியும், யாரும் அதைத் தேய்த்து அழகாக்கிக்கொண்டிருக்கவில்லை. நல்ல கிட்டுகள் அந்தக் கோட்டைச் செதுக்கியே தருகின்றன. குழலில் இருக்கும் கோட்டை எடுக்க வேண்டும், டரட்டில் இருக்கும் கோட்டை விட வேண்டும்.

டரட்டின் பரப்பும் வழவழப்பாக இருக்காது. கிட் வழவழப்பாக வந்தால், மெல்லிய சிமென்ட்டைத் தடவி பிளாஸ்டிக் இளகும்போது கட்டையான தூரிகையால் செங்குத்தாகக் குத்துங்கள். வார்ப்பு எஃகின் சொரசொரப்பு வந்துவிடும். இது பெயின்ட் அடித்த பிறகு செய்ய முடியாத வேலை. பின்னால் தூசியும் கறையும் பிடித்துக்கொள்ள இந்தச் சொரசொரப்புதான் இடம் தருகிறது.

அடுத்து டிராக், அந்தச் சங்கிலிப் பட்டை. பல டாங்கிகளில் மேல்பக்கப் பட்டையைத் தாங்கச் சிறு உருளைகள் இருக்கும். டி-34-ல் அவை இல்லை. கனத்த எஃகுப் பட்டை தொய்ந்து பெரிய சக்கரங்களின் தலையில் படுத்துக்கொள்கிறது. கிட்டில் வரும் ரப்பர் போன்ற வளையும் பட்டை இழுவிசையால் நேராக நின்றுவிடும். அப்படி நிற்கும் பட்டைக்கு எடையே இல்லாததுபோல் தெரியும். சக்கரத் தலைகளில் ஒரு சொட்டுப் பசை வைத்து அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். தனித்தனி கண்ணிகளாக வரும் பிளாஸ்டிக் டிராக் என்றால் தொய்வு இன்னும் இயல்பாக வரும். பக்கத்துக்கு 72 கண்ணிகள் கோர்ப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனாலும் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

எதன் மேல் எது

ஒட்டி முடித்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். கைபட்ட எண்ணெயும் அச்சில் தடவிய எண்ணெயும் போனால்தான் பெயின்ட் பிடிக்கும். பிறகு சாம்பல் நிறப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. அது பிளாஸ்டிக்கை ஒரே நிறமாக்குவதால் இடுக்குகளும் விட்டுப்போன கோடுகளும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை விதி கரைப்பான்களைப் பற்றியது. மேலே பூசுவதன் கரைப்பான் கீழே இருக்கும் அடுக்கைக் கரைக்கக் கூடாது. அதனால் உடல் நிறத்துக்கு லேக்கர் அல்லது அக்ரிலிக் வகைப் பெயின்ட். நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் வெதரிங்குக்கு எனாமல் அல்லது ஓவியர்களின் எண்ணெய் வண்ணம். எனாமலையும் எண்ணெய் வண்ணத்தையும் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட், காய்ந்த அக்ரிலிக்கை ஒன்றும் செய்யாது. ஆகவே பிடிக்காத கறையை அரை மணி கழித்துக்கூடத் துடைத்து எடுத்துவிடலாம், அடியில் இருக்கும் பச்சை அப்படியே இருக்கும். இந்த ஒரு விதி புரிந்தால் பயம் போய்விடும்.

ஒயிட் ஸ்பிரிட் என்று வெளிநாட்டுக் குப்பிகளைத் தேட வேண்டியதில்லை. பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் ஏறத்தாழ அதேதான். கேமல் எண்ணெய் வண்ணக் குழாய்கள் ஸ்டேஷனரி கடையிலேயே இருக்கும்; பழுப்பில் இரண்டு, கறுப்பு, வெள்ளை, காவி மஞ்சள் என்று ஐந்து வாங்கினால் நெடுநாள் வரும். ஆனால் அதே பெயின்ட் கடையில் ‘தின்னர்’ என்று மட்டும் கேட்டால் மர வேலைக்கான என்.சி. தின்னரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது பாலிஸ்டைரீனைக் கரைத்துக் கூழாக்கிவிடும். பெயரை முழுதாகச் சொல்லி வாங்குங்கள்.

காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் கருவி இருந்தால் பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மெல்லிய அடுக்குகளாக அடியுங்கள். இல்லையென்றாலும் கவலை வேண்டாம். அகலமான மென்தூரிகையால் நீர்த்த பெயின்டை மூன்று நான்கு அடுக்காகப் பூசினால் நன்றாகவே வரும். டி-34 போன்ற வண்டியில் தூரிகைத் தடத்தை வெதரிங் விழுங்கிவிடும். ஈரப்பதம் மிகுந்த நாளில் லேக்கர் அடித்தால் மேல்பரப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். வேகமாக ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிரவைத்துக் காற்றின் ஈரத்தை அதன் மேல் இறக்கிவிடுகிறது. கடலோர ஊர்க்காரர்கள் மழைக்கால மாலைகளில் லேக்கரைத் தொடாமல் இருப்பது நல்லது. எந்தப் பெயின்டாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். துணி முகக்கவசமும் என்-95-ம் துகளைத்தான் தடுக்கும். கரைப்பானின் ஆவியைத் தடுக்கக் கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசம்தான் வேண்டும்.

சோவியத் டாங்கிகளின் நிறம் ‘4பிஓ’ என்ற பச்சை. குப்பியில் வரும் பச்சையை நேராக அடித்தால் மாதிரியில் கறுத்துத் தெரியும். பெரிய பொருளை வெட்டவெளியில் தள்ளி நின்று பார்க்கும்போது நடுவில் இருக்கும் காற்றும் வெளிச்சமும் நிறத்தை வெளிறச் செய்கின்றன. கையடக்க மாதிரியில் அந்தத் தூரம் இல்லை. ஆகவே கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிர் நிறத்தைச் சேர்த்து நாமே வெளிறவைக்க வேண்டும். வானத்தைப் பார்க்கும் பரப்புகளில் இன்னும் ஒரு படி வெளிறச் செய்யலாம், அங்கேதான் வெயில் அதிகம் விழும். ஸ்பெயினைச் சேர்ந்த மாதிரிக் கலைஞர் மிக் ஹிமெனெஸ் போன்றவர்கள் இந்த ஒளி-நிழல் வேறுபாட்டை ஓவியம்போல அழுத்திக் காட்டும் பாணியைப் பரப்பினார்கள். படத்தில் பார்க்க அது மிக அழகு. முதல் மாதிரியில் அதில் பாதி அளவு போனாலே போதும் என்பது என் எண்ணம்.

எண்களையும் அடையாளங்களையும் ஒட்டும் டீக்கால் தாள்களுக்கு முன்னால் பளபளப்பு வார்னிஷ் ஓர் அடுக்கு அவசியம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, ஓரம் வெள்ளி நிறத்தில் மின்னும். 1945 ஏப்ரலில் பெர்லின் நோக்கிப் போன டி-34-களில் டரட்டைச் சுற்றி வெள்ளைப் பட்டை இருந்தது. மேலே பறக்கும் நேச நாட்டு விமானங்கள் தங்கள் தரப்பு என்று அறிந்துகொள்ள வரைந்தது. அதைக் களத்தில் கையால் அடித்தார்கள். அதனால் டீக்காலைவிடத் தூரிகையால் கொஞ்சம் கோணலாக வரைவதே பொருத்தம்.

இனி கறைகள்

முதலில் ‘பின்வாஷ்’ (pin wash), அதாவது நீர்த்த வண்ணத்தை இடுக்குகளில் மட்டும் ஓடவிடுவது. அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, நுனிக்கூரான தூரிகையால் ஒரு மரையாணியின் அடியில் தொட்டுப் பாருங்கள். கலவை ஆணியைச் சுற்றி வளையமாக ஓடி நின்றுவிடும். மூடியின் இடுக்கு, வெல்டிங் வரி, கைப்பிடியின் கால், தகடுகள் சேரும் மூலை என்று இடுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் இப்படித் தொட்டுக்கொண்டே போக வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் கழித்து, சுத்தமான டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் வெளியே வழிந்ததை மேலிருந்து கீழாக இழுத்து எடுங்கள். பச்சைக்குக் கறுப்பைவிட அடர்பழுப்புதான் ஒத்துப்போகும். கறுப்பு கோடு போட்டதுபோல் நிற்கும். ஏன் இங்கே கருமை? அழுக்கும் எண்ணெயும் தங்குவது இடுக்கில்தான், அங்கே வெளிச்சமும் குறைவு. திறந்த தகட்டின் நடுவில் அப்படித் தங்க எதுவும் இல்லை.

அடுத்து பெயின்ட் பெயர்ந்த இடங்கள். டாங்கியை நீங்களே ஓட்டப்போவதாக நினைத்து ஏறிப் பாருங்கள். டி-34-ல் ஓட்டுநரின் மூடி முன்புறச் சாய்தளத்தில் இருக்கிறது. அதில் நுழைபவர் கால் வைக்கும் இடம், பிடித்துக்கொள்ளும் விளிம்பு, டரட் ஏறுபவர் மிதிக்கும் மட்கார்டு, கைப்பிடிகள், மூடிகளின் உதடு, கருவிப்பெட்டி மூடி. தேய்வு இங்கேதான். டரட்டின் பக்கச் சுவரை யாரும் மிதிப்பதில்லை, அங்கே ஏதாவது கிளை உரசிய ஒன்றிரண்டு கோடுகள் போதும். சிறு பஞ்சுத் துண்டை அடர்பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி முக்கால்வாசியை எடுத்துவிட்டு விளிம்பில் மெல்ல ஒற்றினால், யாரும் திட்டமிட்டு வரைய முடியாத ஒழுங்கற்ற புள்ளிகள் விழும். அதற்கு முன்பே உடல் நிறத்தைவிட வெளிரிய பச்சையில் இதே ஒற்றலைச் செய்து, சில புள்ளிகளின் நடுவில் மட்டும் பழுப்பு வையுங்கள். மேல்தோல் கீறிய இடமும் எஃகு வரை போன இடமும் அப்போது வேறுவேறாகத் தெரியும்.

துருவைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் அதிகம் மிகைப்படுவது அதுதான். போரில் ஓடிய டாங்கி எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று யோசியுங்கள். பல வண்டிகள் சில மாதங்களுக்குள் சேதமடைந்தன, அல்லது பழுதுபார்க்கப்பட்டு மறுபடி பெயின்ட் கண்டன. தடித்த கவசத்தில் செம்பழுப்புத் துரு செதில்செதிலாக உரிய ஆண்டுக்கணக்கில் கைவிடப்பட்டுக் கிடக்க வேண்டும். அப்படிக் கிடக்கும் டாங்கியைச் செய்வது அழகான வேலைதான், அது வேறு கதை. ஓடும் வண்டியில் துரு வர நியாயமான இடம் புகைபோக்கி: டி-34-ன் பின்புறத் தகட்டில் இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சூட்டில் பெயின்ட் எரிந்துபோவதால் அங்கே துரு நிச்சயம். காவி, செம்பழுப்பு, அடர்பழுப்பு மூன்றையும் புள்ளிபுள்ளியாக ஒற்றி, வாயில் மட்டும் கரிக்கறுப்புத் தூளைத் தேயுங்கள். குழாய்க்குக் கீழே பின்தகட்டிலும் புகைக்கரி லேசாகப் படிந்திருக்கும்.

டிராக்குக்குப் பெயின்ட் கிடையாது. வெறும் எஃகு, ஓர் இரவு ஈரத்தில் நின்றால் மேலோட்டமாகப் பழுப்பேறும், காலையில் ஓடத் தொடங்கினால் உரசும் இடமெல்லாம் மினுக்கும். ஆகவே அடிநிறம் சாம்பல் கலந்த அடர்பழுப்பு, உரசும் இடத்தில் பென்சில் கரித்தூள். உரசும் இடம் எது? தரையைத் தொடும் மேடுகள் ஒன்று. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. டி-34-ன் ஒவ்வொரு சக்கரமும் இரட்டைத் தட்டு. ஒன்றுவிட்டு ஒரு டிராக் கண்ணியின் உட்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு அந்த இரண்டு தட்டுகளின் நடுவே ஓடுகிறது. பின்புறம் உள்ள இயக்கு சக்கரமும் பட்டையை இழுப்பது அந்தக் கொம்பைப் பிடித்துத்தான். ஆகவே கொம்பின் பக்கங்களும், சக்கரத் தட்டுகளின் உள்முகமும் எப்போதும் தேய்ந்து பளபளக்கும். மெத்தென்ற பென்சிலை அங்கே இரண்டு இழுப்பு இழுத்தாலே அந்த மொத்தச் சக்கரத் தொகுதியும் எஃகாகிவிடும்.

சங்கிலி வண்டியை நேரில் பார்க்க டாங்கி வேண்டும் என்றில்லை. ஏரி தூர்வாரும் இடத்தில் நிற்கும் பொக்லைனைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். சேறு எங்கே கட்டியாக நிற்கிறது, எங்கே வெறும் சாயமாக இருக்கிறது, எந்தப் பகுதி வெள்ளியாகத் தேய்ந்திருக்கிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் எந்தக் குப்பியைவிடவும் அந்தப் படங்கள் உதவும்.

சேற்றுக்கு மண் முக்கியம். உக்ரைனின் செர்னோசெம் நம் கரிசல் மண்ணைப் போலவே கருத்த மண். ஈரத்தில் கறுப்பாகவும் காய்ந்தால் சாம்பல் பழுப்பாகவும் இருக்கும். பனி உருகும் வசந்தத்திலும் மழை பெய்யும் இலையுதிர்காலத்திலும் கிழக்குப் போர்முனையின் சாலைகள் சேற்றுக்குழம்பாயின. ரஷ்யர்கள் அதை ரஸ்புதித்சா என்கிறார்கள். அப்படிப்பட்ட நாளில் ஓடிய வண்டியில் ஒரே சேறு இருக்காது. நேற்றைய சேறு காய்ந்து வெளிறி மேலே ஒட்டியிருக்கும், இன்றைய சேறு கருத்து ஈரமாகக் கீழே இருக்கும். மாதிரியிலும் அதே வரிசை. முதலில் வெளிர்பழுப்பு பிக்மென்ட் (நிறமி) தூளுடன் பிளாஸ்டர் தூள் கலந்து, அக்ரிலிக் ஊடகத்தில் குழைத்து, கட்டையான தூரிகையில் எடுத்துப் பல்குச்சியால் தட்டிச் சக்கரங்களுக்குப் பின்னால் தெறிக்கவிடுங்கள். காய்ந்த பிறகு அடர்நிறக் கலவை, இன்னும் கீழே, இன்னும் குறைவாக. கடைசியில் பளபளப்பு வார்னிஷ் கலந்த மிக அடர்ந்த நிறம் சக்கர விளிம்பிலும் டிராக் இடுக்கிலும் மட்டும். டிராக் சேற்றைப் பின்பக்கமாக மேலே வாரி எறிவதால் பின் மட்கார்டும் பின்தகடும் முன்பக்கத்தைவிட அழுக்காக இருக்க வேண்டும். டரட்டில் சேற்றுக் கட்டி இருந்தால் ‘ஏன்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேற்றுப் பூட்ஸோடு ஒருவர் ஏறியிருக்கிறார் என்பது நல்ல பதில். அப்படியானால் அது காலடி விழும் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

ஒழுகல் தடங்களுக்கு எண்ணெய் வண்ணம்தான் என் விருப்பம். வண்ணத்தை முதலில் அட்டையில் பிதுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள், உபரி எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு விரைவில் காயும், மினுக்காது. செங்குத்துத் தகட்டில் ஊசிமுனை அளவு புள்ளி வைத்து, டர்பன்டைன் ஈரம் பட்டும் படாமலும் இருக்கும் தூரிகையால் கீழே இழுங்கள். மழைநீர் எங்கிருந்து ஒழுகும்? ஆணியின் அடியிலிருந்து, கைப்பிடியின் காலிலிருந்து. டி-34-ன் சாய்ந்த பக்கத் தகட்டில் நீர் நேராக இறங்கும், அதனால் தடமும் நேராக இறங்க வேண்டும். பக்கவாட்டில் மாட்டிய உருளை எரிபொருள் தொட்டிகள் எந்திரத்தோடு குழாயால் இணைக்கப்பட்டவை அல்ல. டீசலைக் கையால்தான் எடுத்து ஊற்றினார்கள். சிந்தாமல் இருந்திருக்குமா? தொட்டி மூடியின் அருகிலும் எந்திரத் தளத்திலும் அடர்பழுப்பில் துளி வார்னிஷ் கலந்து ஈரம்போல் மின்னும் கறை வையுங்கள். சுற்றிலும் எல்லாம் மங்கலாக இருப்பதால் அந்த ஓர் இடம் கண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

பனியில் மறைய வெள்ளை பூசிய குளிர்கால வண்டி செய்ய விரும்பினால் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரேதான் ஆயுதம். காய்ந்த பச்சையின் மேல் அதை இரண்டு மெல்லிய அடுக்கு அடித்து, அதன் மேல் நீர்த்த அக்ரிலிக் வெள்ளையை அடியுங்கள். காய்ந்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தொட்ட தூரிகையால் தேய்த்தால் ஹேர்ஸ்பிரே கரைந்து வெள்ளை திட்டுத்திட்டாகப் பெயரும். உண்மை டாங்கிகளிலும் வெள்ளை என்பது வசந்தத்தில் கழுவிவிடும் தற்காலிகப் பூச்சாகத்தான் இருந்தது. மிதிபடும் இடங்களில் அது முதலில் போனது, டரட்டின் பக்கச் சுவரில் கடைசிவரை நின்றது.

கடைசியில் தூசி. மங்கல் வார்னிஷ் அடித்துக் காய்ந்த பிறகு, வெளிர் பிக்மென்ட் தூளை உலர்ந்த தூரிகையால் மூலைகளிலும் கிடைத்தளங்களிலும் வைத்து, ஒரு சொட்டு டர்பன்டைன் விட்டுக் காயவிடுங்கள். ஆள் நடமாடும் நடுப்பகுதியில் தூசி நிற்காது, காலே துடைத்துவிடும். இதன் மேல் மறுபடி வார்னிஷ் அடிக்காதீர்கள். பாதித் தூள் நிறமிழந்து மறைந்துவிடும். தூள் வைத்த இடத்தை விரலால் தொடாமல் அடிப்பலகையைப் பிடித்துத் தூக்குவதே வழி.

இதே கேள்வியோடு அடுத்த கிட்டுக்குப் போனால் பதில்கள் தலைகீழாக மாறும். சென்னை ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலை உரிமம் பெற்றுக் கட்டிய இந்திய ராணுவத்தின் அஜேயா டாங்கி, உண்மையில் சோவியத் வடிவமைப்பான டி-72எம்1 தான். அந்த வகைக் கிட்டுகள் கிடைக்கின்றன. ராஜஸ்தான் பாலையில் பயிற்சிக்குப் போன ஒன்றைச் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சேற்றுக்கட்டிக்கு அங்கே வேலையில்லை. மாவுபோன்ற மணல்தூசி பின்பாதி முழுவதையும் போர்த்தியிருக்கும், பக்கவாட்டுத் தடுப்புகளில் கீழிருந்து மேலாக மங்கிக்கொண்டே போகும். சக்கரங்களின் ரப்பர் சாம்பலாகும். டி-34-ல் பின்னால் இருந்த புகைபோக்கி இதில் இடப்பக்க மட்கார்டின் மேல் இருக்கிறது, அதனால் புகைக்கரி அந்த ஒரு பக்கத்தில் மட்டும். வலப்பக்கத்தில் அதைப் போட்டால் தவறு. எண்ணெய் சிந்திய இடத்தில் தூசி ஒட்டிக் கருத்த களிம்பாகும். மழை அரிது, ஒழுகல் தடமும் அரிது. முதலில் புகைபோக்கியிலிருந்து தொடங்குங்கள், மற்ற தூசியின் அளவை அதன் கருமையோடு ஒப்பிட்டு முடிவு செய்வது எளிது.